சமணர் மலைக்கு எந்தக் கேமரா?

வாசகர் கேள்வி: "நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. வயது 62, ஊர் மதுரை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவாகச் சேர்ந்து சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி என்று போய் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் பார்த்துக் குறிப்பெடுக்கிறோம். இதுவரை படமெல்லாம் மொபைலில்தான். இப்போது குழு சார்பில் ஒரு சிறு நூல் போடப் போகிறோம். அச்சகத்தில் 'இந்தப் படங்கள் தேறாது' என்கிறார்கள். அண்ணன் மகன் கல்யாண போட்டோகிராபர். தன்னுடைய பழைய கேனன் 1500டி டிஎஸ்எல்ஆரை 18-55 லென்ஸோடு 22,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறான். என் மகளோ, 'உன் தோள்வலிக்கு அதெல்லாம் ஆகாது, கைப்பைக்குள் அடங்குவதை வாங்கு' என்று இக்ஸஸ் மாதிரியான குட்டிக் கேமராக்களைக் காட்டுகிறாள். என்னால் 45,000 வரை போட முடியும். அரிட்டாபட்டியில் ராஜாளிகளும் பறக்கின்றன, அவற்றையும் எடுக்க ஆசை. எதை வாங்கட்டும்?"

வணக்கம் டீச்சர்.

உங்கள் மகள் கேமராவின் அளவைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், கேமராவைத் தப்பாகக் காட்டியிருக்கிறார். உங்களுக்கு வேண்டியது கைப்பைக்குள் அடங்குவதுதான். ஆனால் இக்ஸஸ் அல்ல. ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ள சிறிய கேமரா. கூடவே ஒரு நல்ல டார்ச் லைட். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அச்சகத்து விஷயத்தை முடித்துவிடலாம், அதில் காசு செலவாகாது.

அச்சகத்துக்குப் படங்களை எப்படி அனுப்பினீர்கள்? வாட்ஸ்அப்பில் என்றால், பாதிக் குறை அங்கேயே இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கித்தான் போகும். நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600 பிக்சலை வைத்துக்கொண்டு ஐந்தேகால் அங்குலம்தான் அச்சடிக்க முடியும். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் சுருங்காது. ஒரு ஏ4 பக்கம் முழுக்க ஒரே படத்தைப் போட 2480க்கு 3508 பிக்சல், அதாவது 87 லட்சம் பிக்சல் போதும். உங்கள் மொபைலே அதைவிட அதிகம் தரும். ஆகவே பெட்டியின் மேல் 24 மெகாபிக்சல், 20 மெகாபிக்சல் என்று எழுதியிருப்பதை இனி பார்க்க வேண்டாம். உங்கள் நூலுக்கு எல்லாமே தாராளம்.

மூலப் படத்தை அனுப்பியும் அச்சகத்தார் தேறாது என்றால், காரணம் வேறு. மொபைல் ஒரு படத்தை எடுத்ததும் நம்மிடம் கேட்காமலே நிறைய வேலை பார்க்கும். இருட்டில் வரும் புள்ளிபுள்ளியான இரைச்சலை மழுப்பும், அப்புறம் விளிம்புகளைக் கூர்மையாக்கும். முகத்துக்கு அது அழகு. கல்லுக்கு ஆகாது. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் வாசிப்பே மாறும், காலக் கணிப்பும் நகரும். இது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்வெட்டில் மிளகு அளவுக்கு இருக்கும் அந்தக் குழியை இரைச்சல் என்று நினைத்து மொபைல் மழுப்பிவிட்டால் போயே போச்சு. பாறையின் இயல்பான வெடிப்பைக் கூர்மையாக்கி எழுத்தின் கோடு மாதிரி காட்டிவிட்டாலும் வம்புதான். உங்களுக்குத் தேவை, அப்படி எதுவும் செய்யாமல் சென்சாரில் விழுந்ததை அப்படியே கொடுக்கும் கேமரா. அதைத்தான் 'ரா' கோப்பு என்கிறோம்.

இக்ஸஸ் இங்கேதான் அடிபடுகிறது. அந்த வகையில் ரா கோப்பு கிடையாது. சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. இன்றைக்கு நடுத்தர விலையில் வரும் பல மொபைல்களின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. பன்னிரண்டு மடங்கு ஜூம் என்பார்கள். ஆனால் இக்ஸஸ் 285இல் ஜூமை முழுக்க நீட்டினால் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 7க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிது), குகைக்குள் அது கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொள்வதுதான். கல்லூரிப் பிள்ளைகளிடம் இப்போது பழைய குட்டிக் கேமரா மோகம் வந்திருக்கிறது. அந்த மங்கல் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அதனால் விலையும் ஏறிக்கிடக்கிறது. உங்களுக்கு எதற்கு?

அடுத்து 1500டி. அண்ணன் மகன் உங்களை ஏமாற்றவில்லை, அது நல்ல கேமராதான். சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர்; பரப்பில் இக்ஸஸைப் போல் பன்னிரண்டு மடங்கு. ரா கோப்பு உண்டு. லென்ஸ் மாற்றலாம். சென்சாரில் தூசி விழுந்தால் காற்றூதும் ரப்பர் பந்தை வைத்து நீங்களே ஊதிவிடலாம். சமவெளியில் ஒரு நடுகல்லையோ ஏரிக்கரைக் கல்வெட்டையோ ட்ரைபாடில் வைத்து எடுக்கிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன்.

உங்கள் இடங்கள் வேறு. சமணர் மலையின் கீழக்குயில்குடிப் பக்கத்திலுள்ள செட்டிப்புடவில், குகைக்குள் வளைந்து இறங்கும் கூரையில் அந்த ஐந்து புடைப்புச் சிற்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கத்தின் மேல் இருக்கும் இயக்கி (யட்சி) யானை மேல் வருபவனோடு பொருதுகிறாளே, அதை நேராக எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி நிமிர்த்த வேண்டும். 1500டியின் திரை முதுகில் ஒட்டியபடி அசையாமல் இருக்கும். திரையைப் பார்க்க நீங்கள் பாறையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். படுத்தாலும், திரையைப் பார்த்து எடுக்கும்போது அந்தக் கேமரா ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறும். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியாக எடுத்தால்தான் அது சுறுசுறுப்பு. மாங்குளத்திலும் இதே கதைதான்: எழுத்துகள் குகையின் நெற்றியில், நம் தலைக்கு மேலே.

எடையும் இருக்கிறது. உடல் 475 கிராம், லென்ஸ் 200 கிராம், பை, சார்ஜர், எல்லாம் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டும். ஒரு கிலோ பெரிதில்லைதான், ஆனால் அது கழுத்தில் தொங்கி ஆடும். பாறையில் வெட்டிய படியில் ஏறும்போது ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது இன்னும் மோசம். தோள்வலி உள்ளவர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். நான் நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன், அவர்களில் பாதிப் பேர் என்னைவிட இளையவர்கள்.

"ஆனாலும் பெரிய சென்சார், இருட்டில் அதுதானே நல்லது?" என்று அண்ணன் மகன் கேட்பார். சென்சாரை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. லென்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு அங்குலம் என்பது பெயரில்தான்; அந்த சென்சாரின் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். 1500டியினுடையது பரப்பில் அதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் 1500டியோடு வரும் 18-55 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5, ஜூம் முனையில் எஃப் 5.6. நான் சொல்லப் போகும் சின்னக் கேமராவின் லென்ஸ் எஃப் 1.8இலிருந்து 2.8 வரை. அதாவது லென்ஸ் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சென்சாரில் மூன்று மடங்கு நஷ்டம், லென்ஸில் நான்கு மடங்கு லாபம். கணக்குத் தீர்த்தால் குகைக்குள் இரண்டும் ஏறக்குறைய சமம், சிறியது ஒரு முடி முன்னால். டிஎஸ்எல்ஆர் ஜெயிக்க வேண்டுமானால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் மாட்ட வேண்டும். மாட்டினால் கோணம் ஒடுங்கிவிடும், பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். செட்டிப்புடவுக்குள் எங்கே நகர்வது?

நான் சொல்வது சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் மார்க் 3. 2014இல் வந்தது, செகண்ட் ஹேண்டில் பொறுமையாகத் தேடினால் உங்கள் 45,000க்குள் அகப்படும். எடை 290 கிராம். லென்ஸ், முழு ஃபிரேம் கணக்கில் (வேறு வேறு சென்சார்களின் லென்ஸ்களை ஒப்பிடும் பொதுக் கணக்கு) 24இலிருந்து 70 மில்லிமீட்டர். 1500டி லென்ஸின் 18 இந்தக் கணக்கில் சுமார் 29, ஆகவே அதைவிட அகலக் கோணம் கொஞ்சம் கூடுதல். அகலக் கோணத்தில் ஐந்து சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். திரை மேல்நோக்கி முழுக்கத் திரும்பும், கீழ்நோக்கி 45 டிகிரி சாயும். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எடுக்க இந்தக் கீழ்ச்சாய்வுதான் வேண்டும். வெட்டவெளிப் பாறையில் வெயிலடித்துத் திரை தெரியாவிட்டால், மூலையில் எழும்பும் குட்டித் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொள்ளலாம். மொபைல் பவர்பேங்கிலேயே சார்ஜ் ஏறும். ஆர்எக்ஸ்100 முதல் மாடல் இன்னும் மலிவு, ஆனால் திரை திரும்பாது, அதனால் வேண்டாம். கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2 கிடைத்தால் அதுவும் கிட்டத்தட்ட இதற்குச் சமம், 100 மில்லிமீட்டர் வரை நீளும், கண் வைக்கும் துவாரம் மட்டும் இல்லை. வீடியோ எடுக்கும் பிள்ளைகள் அதன் விலையை ஏற்றிவிட்டார்கள்.

மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள். கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, கவனமெல்லாம் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. பழைய டிஎஸ்எல்ஆர் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேனன் ஆர்50 இலகுவானது, திரையும் திரும்பும். ஆனால் கூடவே வரும் 18-45 லென்ஸ் எஃப் 4.5இல்தான் தொடங்குகிறது. குகைக்கு அது போதாது. நல்ல லென்ஸ் வாங்கினால் உங்கள் வரம்பு எங்கேயோ போய்விடும்.

இப்போது டார்ச். கேமராவைவிட இதைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை. அருங்காட்சியகங்களுக்கும் நூல்களுக்கும் கல்லையும் செம்பையும் படமெடுப்பதுதான் என் பிழைப்பு. சுமாரான கேமராவில் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த கல்வெட்டை வாசித்துவிடலாம். விலையுயர்ந்த கேமராவில் உச்சி வெயிலில் எடுத்ததை வாசிக்க முடியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டில் ரோட்டிலுள்ள ஒவ்வொரு குழியும் தெரியும், பகலில் அதே ரோடு சமமாகத் தெரியும் இல்லையா, அதேதான். வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு போனால்தான் வெட்டின் ஒரு கரை மின்னி மறு கரை இருண்டு எழுத்து எழும்பும்.

இதனால்தான் கேமராவில் உள்ள ப்ளாஷ் எந்தக் கேமராவானாலும் கல்வெட்டுக்கு உதவாது. லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே நேராக அடித்து நிழலை எல்லாம் துடைத்துவிடும். அதை அணைத்து வையுங்கள். ஒரு எல்இடி டார்ச் வாங்குங்கள், வெளிச்சம் ஒரே சீராக விழ வேண்டும், நடுவில் கண்ணைப் பறிக்கும் வட்டம் இருக்கக் கூடாது. அதைப் பாறையோடு பாறையாக, எழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பத்துப் பதினைந்து டிகிரிச் சாய்வில் அடியுங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. இடப்பக்கத்திலிருந்து அடிக்கும்போது செங்குத்துக் கோடுகள் பளிச்சென்று தெரியும். படுக்கைக் கோடுகள் வெளிச்சத்தின் போக்கிலேயே கிடப்பதால் நிழல் விழாமல் காணாமல் போகும். ஒரு தமிழி 'ம'வின் குறுக்குக் கோடு இருக்கிறதா என்று நூலில் சண்டை போட்டுக்கொள்ளும் பாதிப் பேர் வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒவ்வொரு வரிக்கும் இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, மூலையிலிருந்து ஒன்று என்று கேமராவை அசைக்காமல் எடுத்துவிடுங்கள். சந்தேகமான குழி புள்ளியா, பாறையின் பொத்தலா என்பது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் ஸ்கேலும் படத்தில் விழட்டும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்புப் பொடியோ மைதாவோ பூசும் வழக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

கேமரா அசையாமல் இருக்க ட்ரைபாட் என்று தோன்றும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் ட்ரைபாட் விரிக்க முன்அனுமதி வேண்டும். ஒரு சின்னத் துணிப்பையில் அரைக்கிலோ பாசிப்பயறு போட்டு வாயைத் தைத்துக்கொள்ளுங்கள். பாறைத் திண்டில் அதை வைத்து மேலே கேமராவை அமுக்கினால் நகராது. 290 கிராம் கேமரா அதில் அழகாக உட்காரும். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறனை) 125இல் வைத்து, இரண்டு வினாடி டைமர் போட்டு பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஷட்டர் ஒரு வினாடி திறந்திருந்தாலும் பாறை அசையாது. இரண்டு கையும் டார்ச்சுக்கு ஆகும்.

இந்தச் சின்னக் கேமராக்களின் சீக்கையும் சொல்லிவிட வேண்டும். மூக்கை நீட்டி நீட்டிச் சுருக்கும் லென்ஸ், அந்த இடைவெளி வழியாக உள்ளே தூசி போகும். போனால் நீங்கள் ஊத முடியாது, பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு நல்ல காசு கேட்பார்கள். மூக்கு நீண்டிருக்கும்போது கீழே விழுந்தால் கதை முடிந்தது. வழுக்கலான உடம்பு வேறு. மணிக்கட்டில் மாட்டும் கயிறு இல்லாமல் மலையேறாதீர்கள், ஒட்டும் ரப்பர் பிடி ஒன்றும் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஒன்று உபரியாக வையுங்கள்.

ராஜாளி. டீச்சர், அது உட்கார்ந்திருக்கும் பாறைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தில் இந்தக் கேமராவில் எடுத்தால் ஒரு கரும்புள்ளிதான் வரும். 1500டியின் 18-55 லென்ஸிலும் அதேதான். பறவைக்கு 55-250 லென்ஸாவது வேண்டும், பறக்கும்போது பிடிக்க அதுவும் திணறும். ஒரு ஆசைக்காக முழு மூட்டையையும் ஒவ்வொரு வாரமும் தூக்க வேண்டாம் என்பது என் கருத்து. எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று வாங்கினால் ராஜாளியை நன்றாகப் பார்க்கலாம். குழுவில் பறவைப் படம் எடுக்கிறவர் ஒருவராவது இருப்பார், நூலுக்கு அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது: கடையில் கேமராவை அணைத்து அணைத்துப் போடுங்கள், லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். அணைத்ததும் லென்ஸை மூடும் தகடுகள் முழுக்க மூட வேண்டும். ஜூம் முனையில் துளையை எஃப் 11க்குச் சுருக்கி வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே தூசி. திரையை மேலும் கீழும் மடக்கி விரித்துப் பாருங்கள், படம் விட்டுவிட்டு வந்தால் திரையை இணைக்கும் ரிப்பன் ஒயர் பழுதாகிக்கொண்டிருக்கிறது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் நல்லது, கடற்கரை ஊரிலிருந்து வந்ததாக இருந்தால் கட்டாயம். பழைய பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

இதற்கெல்லாம் துணைக்கு உங்கள் அண்ணன் மகனையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேமராவை வாங்கவில்லையே என்ற மனத்தாங்கலும் குறையும். அவரிடம் ஒன்று கேட்டும் வையுங்கள்: அந்த 1500டியின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்திருக்கிறது? இந்த வகை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டருக்கு ஆயுள் ஒரு லட்சம் முறை என்பது பொதுவான கணக்கு. கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று அடித்தால் நாற்பது ஐம்பது கல்யாணத்தில் அது தாண்டிவிடும். எண்ணைச் சொல்லாமல் சிரித்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். முகூர்த்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் கிடைக்க மாட்டார், கடைக்கு வார நாளில் போங்கள்.